களிமண் கரைக்கு உயர டயர்: பிக்கப்பில் 235/85 ஆர்16 மாட்டிய அனுபவம்

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் எங்களுக்கு நெல்வயலும் கொஞ்சம் தென்னந்தோப்பும் இருக்கின்றன. தார் ரோட்டை விட்டு இறங்கினால் முதலில் ஆற்றுக்கரை, அப்புறம் வாய்க்கால் கரை, கடைசியில் டிராக்டர் போய்ப் போய் உண்டான வண்டித்தடம். கோடையில் இந்தப் பாதையில் ஸ்கூட்டரே போய்விடும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் டிராக்டரைத் தவிர எதுவும் நுழையாது. வயலுக்குக் கட்டாயம் போயாக வேண்டிய நேரமும் அதுதான். சம்பாப் பயிர் மூழ்கினால் தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஆயில் இன்ஜின், ஓஸ், டீசல் கேன் எல்லாம் அன்றைக்கே வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

என்னிடம் இருப்பது 2017 மாடல் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2.5 லிட்டர் டீசல், 5 கியர், நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் (வேகமான பல்), 4எல் (மெதுவான, இழுவை கூடிய பல்) இரண்டும் உண்டு. கம்பெனியில் இருந்து வந்த டயர் 245/70 ஆர்16, அதாவது அகலம் 245 மி.மீ., பக்கச் சுவர் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். தார் ரோட்டுக்கு அருமையான டயர். களிமண்ணில் இரண்டு காரணத்தால் அது நின்றுவிடும். ஒன்று, பட்டன்களுக்கு (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகளுக்கு) நடுவில் சேறு அடைத்துக்கொண்டு டயர் முழு மொட்டையாகிவிடும். இன்னொன்று, டிராக்டர் தடத்தின் நடுமேடு. டிராக்டரின் வயிற்றுக்குக் கீழே நிறைய இடம் இருப்பதால் அது பாட்டுக்குப் பள்ளத்தை ஆழமாக்கிக்கொண்டே போகும், நடுவில் மேடு வளரும். அதோடு எங்கள் பக்கத்து டிராக்டர்களின் சக்கரத் தடம் என் வண்டியைவிடக் குறுகல். அதனால் ஒரு பக்கம் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டிலுமாக வண்டி சாய்ந்தபடியே போகும். பின் ஆக்ஸிலின் நடுவில், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கூடு தொங்குகிறது. அது அந்த நடுமேட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

டிஃபரன்ஷியல் கூட்டை உயர்த்த வேண்டுமென்றால் உயரமான டயர்தான் வழி. லிஃப்ட் கிட் போட்டால் சேஸும் பாடியும் மேலே போகும், பின் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். கரை மேல் ஓட்டுகிறவனுக்கு வண்டி உயர உயரச் சாயும் பயமும் கூடும். ஆகவே லிஃப்ட் வேண்டாம், டயர் மட்டும் மாற்றுவோம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அகலமா, உயரமா?

பெரிய டயர் என்று சொன்னாலே பலர் மனதில் வருவது அகலமான டயர். இந்த வண்டிக்கு 265/75 ஆர்16 போடுவார்கள், இன்னும் துணிந்தவர்கள் லிஃப்ட் வைத்து 285/75 ஆர்16 வரை போவார்கள். மணலுக்கும் மலைப் பாறைக்கும் அதில் நியாயம் இருக்கிறது. டெல்டா களிமண்ணுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காரணம் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. காவிரியும் வெண்ணாறும் காலகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் களி இது. தண்ணீரை உள்ளே இழுத்து ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்ததும் மேலே இருக்கும் நாலைந்து அங்குலம் வழவழவென்று கூழாகிவிடும். ஆனால் அதற்குக் கீழே மண் இறுகித்தான் கிடக்கிறது. தொளி உழுது நடவு செய்த எந்த வயலிலும் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே கெட்டியான அடித்தட்டு ஒன்று இருக்கும். வயலில் தண்ணீர் நிற்பதே அந்த அடித்தட்டு இருப்பதால்தான். கரைப் பாதையும் அப்படித்தான்: வருஷக்கணக்காக வண்டி ஏறி ஏறி அடிமண் இறுகியிருக்கும், மேல் தோல் மட்டும் வழுக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் டயர் கூழை வெட்டிக்கொண்டு கீழே இறங்கி, கெட்டி மண்ணைப் பிடிக்க வேண்டும். அகல டயர் கூழின் மேலேயே மிதக்கும். மிதந்தால் முன்னால் போவதைவிடப் பக்கவாட்டில் வழுக்குவதுதான் அதிகம். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வாய்க்கால், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகும் கரை. அங்கே பக்கவாட்டில் வழுக்குவது உயிரோடு விளையாடுகிற காரியம். எங்கள் தாத்தா காலத்துக் கட்டை வண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். ஆள் நெஞ்சு உயரம் இருக்கும், இரும்புப் பட்டை மூன்று விரல் அகலம்கூட இருக்காது. இந்த மண்ணில் நெல் ஏற்றிக்கொண்டு போக அந்தச் சக்கரம்தான் சரிப்பட்டிருக்கிறது.

அடி இல்லாத சேறு வேறு கதை. வேதாரண்யம் உப்பளப் பக்கத்திலும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓரத்திலும் இறங்கினால் கெட்டி மண் எங்கே என்றே தெரியாது. குறுகல் டயர் அங்கே இறங்கிக்கொண்டே போகும். ஆனால் அங்கெல்லாம் எந்த டயரையும் கொண்டுபோகக் கூடாது என்பதே என் கருத்து. கோடியக்கரை 1967-இல் இருந்து சரணாலயம், அலையாத்திக் காடு வனத்துறை பாதுகாப்பில் இருக்கிறது. நாகப்பட்டினம் கடற்கரை மணலில் வருஷத்தின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். வெளியூரில் இருந்து பெரிய டயர் வண்டியோடு வருகிற நண்பர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: அந்த மணலிலும் சதுப்பிலும் வண்டியை இறக்காதீர்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 245/70 ஆர்16 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 749 மி.மீ. 265/75 ஆர்16 என்றால் 804. நான் தேடிப்பிடித்த 235/85 ஆர்16 ஏறக்குறைய 806. அதாவது 265/75 தரும் உயரம் முழுவதும் இதில் கிடைக்கிறது, அகலமோ கம்பெனி டயரைவிட 10 மி.மீ. குறைவு. கணக்கைச் செய்து பார்ப்பது சுலபம்: அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச் சுவரின் உயரம், அதை இரட்டித்து ரிம்மின் 406 மி.மீ.யைச் சேர்த்தால் மொத்த உயரம். 749-க்கும் 806-க்கும் வித்தியாசம் 57 மி.மீ. அதில் பாதிதான் ஆக்ஸில் உயர்வாகக் கிடைக்கும், கிட்டத்தட்ட 28 மி.மீ. ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். நடுமேட்டை உரசிக்கொண்டு போவதற்கும் அதன் மேல் உட்கார்ந்துவிடுவதற்கும் நடுவில் இருப்பது அந்த ஓர் அங்குலம்தான்.

இந்த உயரம் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. மினி லாரிகளில் ஓடும் பழைய 7.50-16 டயரும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆனால் 235/85 ரேடியல் மட் டயர் மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ கடையில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு இல்லை. 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு இப்படி அரிதான அளவுகளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. சென்னையில் சொல்லி வைத்து வரவழைத்தேன்.

பட்டன் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆல்-டெரைன் டயர் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை, களிமண்ணுக்கு மட்டும் ஆகாது. அதன் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி சின்னது, களி போய் உட்கார்ந்தால் வெளியே வராது. மட்-டெரைன் டயரில் இடைவெளி பெரிது, ஓரத்திலும் திறந்திருக்கும், சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சேற்றைத் தானே உதறிவிடும். நான் வாங்கியது எல்டி வகை (சின்ன லாரிகளுக்கான கெட்டியான டயர்), 10 பிளை மதிப்பு. லோடு இண்டெக்ஸ் 120 என்றால் டயர் ஒன்று தாங்கும் எடை 1400 கிலோ. எனக்கு அவ்வளவு சுமை கிடையாது. கெட்டியான பக்கச் சுவருக்காக வாங்கினேன். எங்கள் கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள்ளுக்கும், வெட்டிவிட்ட மூங்கில் கட்டைக்கும் மெல்லிய பக்கச் சுவர் தாங்காது. பக்கவாட்டில் கிழிந்த டயருக்குப் பஞ்சரும் ஒட்ட முடியாது.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அசல் விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வண்டியின் டயர் அளவுப் பட்டியலில் இல்லாத அளவைப் போட நினைப்பவர்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் பேசிவிட வேண்டும். ஒரு விபத்து நடந்தால் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவது, டயர் மட்கார்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது, இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. குறுகல் டயரில் அந்தத் தேவையே வரவில்லை.

சுண்ணாம்புச் சோதனை

எல்லா டயரையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு, அப்புறம் உரசுகிறதே என்று தவிக்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு டயரை ஒரு இரும்பு ரிம்மில் ஏற்றி, முன்னால் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

சோதனைக்கு நெல் காயவைக்கும் சிமென்ட் களம்தான் நல்ல இடம், மட்டமாக இருக்கும். டயரில் 35 பிஎஸ்ஐ காற்று. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து, டயரின் தோள்பட்டையிலும் இரண்டு பக்கச் சுவரிலும் தடவிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பி, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், டயர் எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் வெள்ளைக் கோடு விழும். கண்ணால் குனிந்து பார்த்து ஊகிப்பதைவிட இது பல மடங்கு நம்பகமானது. முடிந்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள், சுண்ணாம்பு பெயிண்டில் ஊறக் கூடாது.

மட்டத்தில் தொடாத டயர், வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும்போது தொடும். அதனால் அடுத்த கட்டம்: முன் வலது சக்கரத்துக்குக் கீழேயும் பின் இடது சக்கரத்துக்குக் கீழேயும் பனங்கட்டை வைத்து ஏற்றி, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியில் நெல் மூட்டை அடுக்கி, மறுபடியும் அதே சோதனை. அப்புறம் குறுக்கே மாற்றி இன்னொரு தடவை. ஏற்றும்போது ஒருவர் ஓட்ட, ஒருவர் வெளியே நின்று சொல்ல வேண்டும். வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

வெள்ளை விழுந்தது மூன்று இடத்தில். முன் மட் ஃபிளாப், மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கூட்டின் பின்பக்கக் கீழ் மூலை, ரிவர்ஸில் முழுக்கத் திருப்பும்போது மட்டும் பம்பரின் கீழ் ஓரம். மேலே எங்கும் படவில்லை. உள்பக்கம் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் உள்ள பந்து மூட்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. 265 போட்டிருந்தால் இங்கேதான் இடம் நெருக்கியிருக்கும்.

மட் ஃபிளாப்பைக் கழற்றி, புதிய ஓட்டை போட்டு, இரண்டு விரல் பின்னால் தள்ளி மாட்டினேன். பிளாஸ்டிக் கூட்டை வெட்டவில்லை. ஹாட் ஏர் கன்னால் சூடேற்றி, இளகியதும் ஒரு மரக்கட்டையால் பின்னுக்கு அழுத்திப் பிடித்து, ஆறும்வரை அப்படியே வைத்திருந்தால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. பழைய கிளிப் பிடிக்காது, எஸ்.எஸ். ஸ்குரூ போட்டேன். பம்பர் ஓரத்தைக் கொஞ்சம் அரம் வைத்துத் தேய்த்ததோடு சரி. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பாடித் தகட்டின் மடிப்பு விளிம்பு ஒன்று இருக்கிறது. பலர் இடம் போதவில்லை என்று அதைச் சுத்தியலால் அடித்து மடக்குவார்கள். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் அங்கே பெயிண்ட் வெடித்தால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். அதைத் தொடாமல் இருக்க இன்னொரு வழி உண்டு. வீல் அலைன்மென்டில் காஸ்டர் கோணத்தை (ஸ்டியரிங் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவை), கம்பெனி அனுமதித்த எல்லைக்குள், கூடுதல் பக்கம் வைக்கச் சொன்னால் முன் சக்கரம் சில மி.மீ. முன்னால் நகரும். பின்னால் இடம் கிடைக்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கடையில்

மன்னார்குடியில் நான் வழக்கமாகப் போகும் டயர் கடை அண்ணன் ஒவ்வொரு டயரையும் உருட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எல்லாரும் அகலமாத்தானே கேப்பாங்க, நீங்க குறுகலா எடுத்துட்டு வந்திருக்கீங்க?” என்றார். “நம்ம கரையில அகலம் வழுக்கும்ணே” என்றதும், “அதுவும் சரிதான், வண்டிச் சக்கரம் மாதிரின்னு சொல்லுங்க” என்று புரிந்துகொண்டார். சேற்றில் ஓடும் வண்டிகளைப் பார்த்துப் பழகியவர். அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய.

டயர் கைக்கு வந்ததும் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அரிதான அளவுகள் கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்திருக்கும், ஸ்டெப்னியோடு ஐந்தும் ஒரே காலத்துச் சரக்காக இருப்பது நல்லது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது இலேசான இடம், வால்வு நேரே வரும்படி ஏற்ற வேண்டும். பேலன்சிங் எடையை ஒட்டும் பட்டையாக வைக்க வேண்டாம், இரும்பு ரிம்மின் விளிம்பில் தட்டிப் பொருத்தும் வகை வையுங்கள் என்று அண்ணன் சொன்னார். ஒட்டிய பட்டையைக் களி பிய்த்துக்கொண்டு போய்விடும். பீட் (ரிம்மைக் கவ்வும் டயர் விளிம்பு) உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றவே கூடாது என்பதிலும் அவர் கறார். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடியும் ஏற்றினார்.

அலாய் வீலில் இருந்து இரும்பு ரிம்முக்கு மாறும்போது நட்டைக் கவனியுங்கள். நட்டின் அடி கூம்பாக இருக்கிறதா தட்டையாக இருக்கிறதா, ரிம்மின் ஓட்டை அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். எதிரெதிர் நட்டாகக் கையால் முறுக்கி, வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குவது. ஏர் கன்னோடு விட்டுவிடக் கூடாது. 100 கி.மீ. ஓடியதும் மறுபடியும் ஒரு முறை முறுக்கிப் பார்த்தபோது ஒன்றிரண்டு நட்டு கொஞ்சம் இடம் கொடுத்தது.

டயரை மாட்டுவதற்கு முன் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். டயர் மட்டுமே பழையதைவிட நாலைந்து கிலோ கூடுதல். நான்கு மூலையிலும் அந்த எடை சுற்றுகிறது, நிறுத்தும்போது பிரேக் அதையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதனால் முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி அதிகமாகவே விடுகிறேன்.

ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இந்த மாதிரி 4x4-இல் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருக்க, 4எச் போட்டு ஓட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். உயர டயர் தொட்டிக்கு அடியில் பழைய இடத்தில் அடங்கவில்லை. தொட்டியில் கேபினை ஒட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். இரண்டு மூட்டை வைக்கும் இடம் போய்விட்டது.

காற்றுதான் பாதி வேலை

டயருக்குக் கொடுத்த காசு சேற்றில் பலன் தருவது காற்றை இறக்கினால்தான். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றழுத்தம்தான். சக்கரத்துக்கு 500 கிலோ வருகிறது என்று வையுங்கள். 30 பிஎஸ்ஐயில் தரையில் படும் பரப்பு சுமார் 240 சதுர செ.மீ. 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது 400-ஐ நெருங்கும். பக்கச் சுவர் கெட்டியான எல்டி டயரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போக்கு இதுதான். கூடும் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் வருகிறது. அதாவது அகலம் கூடாமல், ஒரே தடத்தில் வரிசையாக நிறையப் பட்டன்கள் மண்ணைக் கடிக்கும். உயரமும் குறுகலுமான டயருக்கு இதில் தனி ஆதாயம் உண்டு.

ஆற்றுக்கரையில் ஏறும் இடத்தில் நிறுத்தி 20-க்கு இறக்குவேன். வண்டித்தடம் மோசமாக இருந்தால் 18. அதற்குக் கீழே போவதில்லை, திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இறக்கிய காற்றோடு 20, 25 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தார் ரோட்டுக்கு வந்ததும் பேட்டரியில் மாட்டும் கம்பிரசரால் திரும்ப ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றில் தார் ரோட்டில் ஓடினால் பக்கச் சுவர் சூடேறி உள்ளுக்குள்ளேயே பிரியும்.

ரோட்டுக்கு எவ்வளவு காற்று என்பதை எழுதி வைத்த பட்டியல் சொல்லாது, ஏனென்றால் டயர் மாறிவிட்டது. பட்டனின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, களத்தில் நேராக உருட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சீராக அழியும் அளவு வெறும் வண்டிக்கு ஒன்று, மூட்டை ஏற்றினால் ஒன்று. இரண்டையும் கண்டுபிடித்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மழையில்

ஐப்பசிக் கடைசியில் நல்ல அடைமழை. ஆயில் இன்ஜினும் ஓஸும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் போனபோது இந்த டயரின் குணம் தெளிவாகத் தெரிந்தது. முதல் சில அடி வழுக்குவது போலவே இருக்கும், டயர் மேல் கூழை வெட்டிக் கீழே போனதும் வண்டி ஒரு நேர்கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கில் அது கைக்குத் தெரியும். நடுமேட்டில் கூடு உரசும் சத்தம் கேட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை. 4எல், இரண்டாவது கியர், ஆக்ஸிலரேட்டரைச் சீராக வைத்துக்கொண்டால் போதும். பட்டன் அடைக்கிற மாதிரி தெரிந்தால் ஒரு நொடி மட்டும் வேகம் கொடுத்தால் சேறு பறந்துபோய் மறுபடியும் பிடிக்கிறது. பழைய டயரில் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் அந்தச் சேறு வெளியே வராது.

எதற்கும் தென்னை மட்டைகளைத் தொட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு முன்னால் குறுக்காக அடுக்கி ஏற வேண்டும். வைக்கோலைப் போடாதீர்கள், களியோடு சேர்ந்து இன்னும் வழுக்கும். டிராக்டர் வைத்து இழுக்கும் நிலை வந்தால் சேஸில் உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள், பம்பரிலோ ஸ்டியரிங் ராடிலோ வேண்டாம். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, சுற்றி நிற்பவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட வேண்டும். அறுந்த கயிறு எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

டயர் போகும் என்பதற்காக எல்லாக் கரையிலும் போய்விட முடியாது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து வரும் தண்ணீரை மண் கரைகள்தான் கட்டி வைத்திருக்கின்றன. ஆறு நிறைந்து ஓடும்போது கரையில் ஆழமாகத் தடம் விழுந்தால் அதில் தண்ணீர் நின்று, ஊறி, உடைப்பு எடுக்க வழியாகிவிடும். ஒரு உடைப்பில் எத்தனை பேர் பயிர் போகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கரை ஊறிக் கிடக்கிறது என்று தோன்றினால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சித்தப்பா டிராக்டரில் வயல் பக்கமாகப் போகிறோம். அடுத்தவர் வரப்பில் ஒரு சக்கரத்தைக்கூட ஏற்றுவதில்லை.

திரும்பி வந்தவுடன் கழுவ வேண்டும், மறுநாள் கூடாது. ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய களி காய்ந்தால் செங்கல்தான். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி நடுங்கினால் பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள், முதலில் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வாய்க்காலில் இறக்கிக் கழுவாமல் போர் தண்ணீரில் கழுவுகிறேன். கிரீஸும் ஆயிலும் அடுத்தவர் வயலுக்குப் போக வேண்டாம்.

ரோட்டில் இந்த டயருக்கு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரைச்சல் உண்டு, மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது. உயரம் ஏழரை சதவீதம் கூடியதால் ஒவ்வொரு கியரும் அந்த அளவு நீண்டுவிட்டது, ஐந்தாவது கியரை முன்பைவிடத் தாமதமாகத்தான் போட முடிகிறது. ஸ்பீடாமீட்டர் 80 காட்டினால் கணக்குப்படி 86 ஓடுகிறது. கம்பெனி மீட்டர் ஏற்கெனவே கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் ஜிபிஎஸ்ஸில் என் வண்டிக்கு 83 வருகிறது. மைலேஜ் பார்ப்பவர்கள் ஓடோமீட்டர் தூரத்தை 1.075-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மீட்டர் 450 காட்டினால் ஓடியது 484. பெருக்காமல் பார்த்தால் டீசல் அதிகம் குடிப்பது போலத் தோன்றும். பெருக்கிய பிறகும் கொஞ்சம் அதிகம்தான் குடிக்கிறது.

இதற்காகவே பழைய டயர்களை அலாய் வீலோடு அப்படியே வைத்துக்கொண்டேன். புரட்டாசிக் கடைசியில் உயர டயர், மாசியில் அறுவடை முடிந்து உளுந்து தலைகாட்டும்போது கம்பெனி டயர். கழற்றிய செட்டை வெயில் படாத கொட்டகையில் பலகை மேல் நிறுத்தி, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வைத்தால் ஒரே இடத்தில் அழுந்தாது. மோட்டார் ஓடும் அறையில் வைக்க வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பின் ஆக்ஸிலின் மூச்சுக்குழாய் வால்வு இப்போது ஆக்ஸில் மேலேயே இருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கிக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த வால்வு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆயில் பால் நிறமாகிவிடும். டயர் உயர்ந்ததும் முன்பு போகாத ஆழத்திலும் இறங்கத் துணிவு வருவதால் இதைத் தள்ளிப்போட முடியாது. நல்ல ரப்பர் ஓஸ் ஒன்றை மாட்டி, தொட்டியின் மேல் விளிம்பு வரை கொண்டுபோய், முனையில் சின்ன ஃபில்டர் வைக்கப் போகிறேன். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணையும் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.